ஊழியமும் ஊழியரும்: கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர்க் கிறிஸ்தவச் சபைகளின் பணி

முன்னுரை

கூடி வழிபடும் வழக்கம் எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆயினும் கிறிஸ்தவத்தில் கூடுதல் என்பது வழிபாட்டிற்கான வசதி மட்டுமன்று. அச்சமயத்தின் அமைப்பே அதனைச் சார்ந்தது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் திருச்சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னும் சொல், அழைக்கப்பட்டுக் கூடியவர்களின் அவை என்னும் பொருளுடையது. தமிழில் அதற்கு ஈடாக வழங்கும் 'சபை' என்னும் சொல்லும் அப்பொருளையே தருகிறது. கட்டடம் இல்லாமல் சபை இருக்கலாம். கூட்டம் இல்லாமல் சபை இருக்கக்கூடுமா என்பது ஈராயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் எழாத வினா. 2020ஆம் ஆண்டில் அவ்வினா உலகெங்கும் ஒரே வேளையில் எழுந்தது.

கூடுதலே நோய்க்கு வழியானபோது, கூடுவதையே இயல்பாகக் கொண்ட ஓர் அமைப்பு தன் பணியை எவ்வாறு ஆற்றியது என்பதைச் சிங்கப்பூரைக் களமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிங்கப்பூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அங்கே ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், கூடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் கூடியிருப்பதைத் தவிர வேறு வழியற்றவர்களும் இருந்தனர். பின்னவருள் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். சபைகளின் பணியை அளந்தறிவதற்குரிய இடம் இவ்விரு சாராருக்கும் இடைப்பட்ட தொலைவேயாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இது இறையியல் ஆய்வன்று. சமூக வரலாற்று நோக்கிலும் சொல்வழக்கு நோக்கிலும் அமைந்த விளக்கமாகும்.

ஊழியம் என்னும் சொல்

திருச்சபையின் பணியைத் தமிழ்க் கிறிஸ்தவர் 'ஊழியம்' என்பர். போதகர் ஊழியக்காரர் எனப்படுவார். நோயாளிகளைச் சந்தித்தல் மருத்துவமனை ஊழியம், சிறையாளரைச் சந்தித்தல் சிறைச்சாலை ஊழியம் என வழங்கும். இச்சொல் திருச்சபைக்குள் பிறந்ததன்று. மேலோருக்கும் இறைவனுக்கும் செய்யும் பணியைக் குறித்துப் பொதுவழக்கில் இருந்த சொல்லே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அது கசப்பான பொருளையும் பெற்றிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் ஊதியமின்றிச் செய்தாகவேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளிலேனும் கிறிஸ்தவரை அவ்வூழியத்திலிருந்து விடுவிக்கவேண்டும் என மிஷனெரிகள் வாதாடினர். ஆக, ஒரே காலத்தில் அவ்வட்டாரத்துத் திருச்சபை ஓர் ஊழியத்தைப் போற்றியது. மற்றோர் ஊழியத்தை எதிர்த்தது.

சிங்கப்பூர்த் தமிழில் இச்சொல் மூன்றாவதொரு பொருளையும் ஏற்றுள்ளது. அங்கே செய்தித்தாளும் வானொலியும் வேலை அனுமதிச் சீட்டுடன் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்போரை 'வெளிநாட்டு ஊழியர்' என்றே குறிப்பிடுகின்றன. எனவே, தமிழில் எண்ணும்போது, 2020இல் எழுந்த வினா தானாகவே ஒரு வடிவம் பெற்றுவிடுகிறது: சபையின் ஊழியம், ஊழியரை எட்டியதா?

கொள்ளைநோயும் திருச்சபையும்: பழைய மரபு

கொள்ளைநோய்க் காலத்தில் கிறிஸ்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அச்சமய வரலாற்றில் நெடிய மரபு உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமைப் பேரரசைக் கொடிய கொள்ளைநோய் ஒன்று தாக்கியது. அக்காலத்தில் கார்த்தேஜ் நகரின் ஆயராயிருந்த சிப்பிரியானின் பெயராலேயே அந்நோய் இன்று அறியப்படுகிறது. தம்மைத் துன்புறுத்தியோருக்கும் நன்மை செய்யுமாறு அவர் தம் மக்களைத் தூண்டினார் என்பது அவருடைய வரலாற்றை எழுதிய பொந்தியுவின் கூற்று. ஏறத்தாழ அதே காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு எழுதிய கடிதமொன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்துள்ளார். நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தாமும் நோயுற்று மடிந்தோரைப் பற்றிய செய்தி அதில் உள்ளது. எளிய பராமரிப்பே பலரைப் பிழைக்க வைத்தது என்றும், கிறிஸ்தவம் பரவியமைக்கு அது ஒரு காரணம் என்றும் சமூகவியலறிஞர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர்.

இம்மரபின் மற்றொரு கிளை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்த பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம்பெயர்ந்தது. மார்ட்டின் லூத்தரோ நகரிலேயே தங்கினார். நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவு நகர்ப் போதகர் ஒருவர் விடுத்த வினாவுக்கு அவர் விரிவான விடையொன்றை எழுதினார். பிறருக்குக் கடமைப்பட்ட போதகரும் நகராட்சித் தலைவரும் பணியாளரும் தம் இடத்தை விட்டு நீங்கலாகாது என்பது அதன் ஒரு பாதி. மருந்துண்ண வேண்டும், இடத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும், தேவையில்லாத இடங்களுக்கும் ஆட்களிடத்தும் செல்லாதிருக்க வேண்டும், தன் கவனக்குறைவால் பிறர் இறக்க நேர்ந்தால் அதற்குத் தானே பொறுப்பு என்பது அதன் மறுபாதி.

நெருங்கிச் செல்லுதல், விலகியிருத்தல் ஆகிய இரண்டும் அன்பின் கடமைகளே என்பதும், எவரிடத்து எது கடமை என்பதை அவரவர் பொறுப்பே முடிவுசெய்யும் என்பதும் இம்மரபிலிருந்து பெறப்படும். 2020இல் சிங்கப்பூர்ச் சபைகளின்முன் இவ்விரு கடமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

கூடாதிருத்தல் என்னும் கடமை

சிங்கப்பூரில் முதல் தொற்று 2020 ஜனவரி 23இல் உறுதிசெய்யப்பட்டது. பிப்ரவரியில் இரு கிறிஸ்தவச் சபைகளைச் சார்ந்து தொற்றுக் குழுமங்கள் கண்டறியப்பட்டன. வெளிப்பார்வைக்குத் தொடர்பற்றனவாய் இருந்த அவ்விரண்டையும் இணைத்த கண்ணி, ஜனவரி 25 அன்று, சீனப் புத்தாண்டையொட்டி ஒரு வீட்டில் நிகழ்ந்த குடும்ப ஒன்றுகூடலாகும். நோயிலிருந்து முன்னரே தேறிவிட்ட ஒருவரின் குருதியில் பிறபொருளெதிரி இருப்பதை டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் சோதனை காட்டியதால் அக்கண்ணி புலப்பட்டது.

வழிபாட்டுக் கூட்டம் ஏன் இத்துணை இடர் மிக்கதாயிற்று என்பதை நோயின் இயல்பைக் கொண்டே விளக்கலாம். இந்நோய்க்கிருமி மூச்சுக்காற்றோடு வெளிப்படும் நுண்துளிகள் வழியாகப் பரவுவது. உரக்கப் பேசும்போதும் பாடும்போதும் அத்துளிகள் பன்மடங்கு மிகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று பாடகர் குழுவொன்று இரண்டரை மணிநேரம் பயிற்சி செய்தது. அதில் கலந்துகொண்ட 61 பேருள் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். மூடிய குளிரூட்டப்பட்ட மண்டபம், நெருங்கிய இருக்கை, சேர்ந்து பாடுதல், கைகுலுக்கல், வழிபாட்டிற்குப் பின் சேர்ந்துண்ணல், மிகுதியான முதியோர் என்னும் இக்கூறுகள் ஒருங்கே அமைவது ஞாயிறு ஆராதனையில்தான். சபையின் உறவை வளர்த்த வழக்கங்களே நோயையும் வளர்ப்பனவாயின. இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதன்று. அவ்வாண்டின் முற்பகுதியில் மலேசியாவிலும் தென்கொரியாவிலும் பிரான்சிலும் வெவ்வேறு சமயக் கூட்டங்கள் வழியே நோய் பரவியது.

கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் பிப்ரவரி 15 நண்பகல் முதல் பொதுத் திருப்பலிகள் அனைத்தையும் காலவரையின்றி நிறுத்தியது. சமயக் கூட்டங்கள் யாவும் நிறுத்தப்படவேண்டும் என்னும் அரசாணை நடைமுறைக்கு வந்ததோ மார்ச் 26 இரவில். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்டவை 40 நாள்கள். ஆணை இல்லாமலே கதவை அடைத்த செயலைச் சிலர் விசுவாசக் குறைவு என்று கருதினர். கூடிவருதலை விட்டுவிடலாகாது என்னும் புதிய ஏற்பாட்டு அறிவுரை அவர்தம் சான்று. அவ்வறிவுரையின் நோக்கம் ஒருவரையொருவர் தாங்குவதே என்பதும், தாங்குவதற்காகக் கூடுவோர் தாக்குவதற்குக் காரணமாகலாகாது என்பதும் மற்றவர் விடை. லூத்தரின் மறுபாதி இங்கே மீண்டும் உயிர்பெற்றதைக் காணலாம்.

ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்கியூட் பிரேக்கர்' எனப்பட்ட நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடப்பிலிருந்தது. பெரிய வெள்ளியும் உயிர்த்தெழுந்த ஞாயிறும் முறையே ஏப்ரல் 10, 12 ஆகிய நாள்களில், இக்காலத்தினுள்ளேயே வந்தன. ஆராதனை இணையத்துக்கு மாறியது. இம்மாற்றம் எல்லாருக்கும் ஒரே வகையாய் அமையவில்லை. இளையோருக்குத் திரை பழக்கமானது. தமிழில் மட்டும் வழிபட்டுப் பழகிய முதியோர்க்கோ தொலைபேசியே சபையாயிற்று. மூப்பர்களும் பெண்கள் சங்கத்தாரும் பட்டியலிட்டு நாள்தோறும் அழைத்து நலம் கேட்பதும், மருந்தும் மளிகையும் வாசலில் வைத்துத் திரும்புவதும் பல சபைகளில் முறையான பணிகளாயின. இறுதிச் சடங்கில் ஒரே வேளையில் பத்துப் பேருக்கு மேல் கூடலாகாது என்ற நிலையில், துக்க வீட்டுக்கு ஊரே திரண்டு செல்லும் தமிழ் வழக்கம் நின்றது. எவர் செல்வது, எவர் செல்லாதிருப்பது என்று குடும்பங்கள் முடிவுசெய்ய நேர்ந்த வேதனையைப் போதகர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

வழிபாட்டு முறை பற்றிய விவாதங்களும் எழுந்தன. கத்தோலிக்கர், நற்கருணையை நேரில் பெற இயலாதபோது மனத்தால் அதனை விரும்பி ஏற்கும் பழைய பக்தி முயற்சியைக் கைக்கொண்டனர். சீர்திருத்தச் சபைகளுள் சில, வீடுகளில் அப்பமும் திராட்சைரசமும் வைத்து இணையவழித் திருவிருந்து நடத்தின. வேறு சில, சபை ஒன்றுகூடும் நாள்வரை அதனை நிறுத்திவைத்தன. உடலால் கூடாத கூட்டம் சபையாகுமா என்னும் முன்னைய வினாவே இவ்விவாதத்தின் அடிநிலை.

கூடியே இருக்க நேர்ந்தவர்கள்

விலகியிரு என்னும் கடமையைச் சபைகள் கற்றுக்கொண்டிருந்த அதே வாரங்களில், விலகியிருக்க இடமற்றோர் மீது நோய் பாய்ந்தது. சிங்கப்பூரில் அப்போது ஏறத்தாழ 323,000 வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் வாழ்ந்தனர். இதற்கென்றே கட்டப்பட்ட 43 பெருவிடுதிகளில் ஏறத்தாழ 200,000 பேர் இருந்தனர். தொழிற்சாலைக் கட்டடங்களின் ஒரு பகுதியை மாற்றியமைத்த ஏறத்தாழ 1,200 சிறுவிடுதிகளில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்தனர். ஏனையோர் கட்டுமானத் தளங்களிலும் பிற இடங்களிலும் தங்கினர். பெருவிடுதிகளில் ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை ஈரடுக்குக் கட்டில்களில் உறங்கினர். குளியலறையும் சமையலறையும் பொது.

ஏப்ரல் 5 அன்று, ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்த இரு பெருவிடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. பிற விடுதிகளும் அடுத்தடுத்து அடைக்கப்பட்டன. ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 புதிய தொற்றுகள் பதிவாயின. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை விடுதிகளைச் சார்ந்தவை. அவ்வாண்டு டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாழ் ஊழியருள் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையால் தொற்று உறுதியாகியிருந்தது. மேலும் 98,289 பேரின் குருதிச் சோதனை அவர்களுக்கு முன்னரே தொற்று ஏற்பட்டிருந்ததைக் காட்டியது. இரண்டும் சேர்ந்து விடுதிவாழ் ஊழியருள் 47 விழுக்காடு. பெரும்பாலோர் இளைஞராதலாலும் மருத்துவம் உரிய காலத்தில் கிடைத்ததாலும் உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

நெருங்கிய குடியிருப்பும் பெருந்தொற்றும் இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றில் முன்னரும் சந்தித்தவையே. 1918இன் இன்ஃபுளுவென்சா மலாயாவைத் தாக்கியபோது தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் அதற்குத் தப்பவில்லை. உழைப்பாளரை நெருக்கி வாழவைக்கும் ஏற்பாடு நோய்க்கும் ஏற்பாடாகிறது என்னும் பாடம் அப்போதே கற்றிருக்கவேண்டியது.

இங்கும் சொல்வழக்கு ஒன்று நம் கவனத்துக்குரியது. 2020இல் நாள்தோறும் வெளியான தொற்று எண்ணிக்கை, 'சமூகத்தில்' என்றும் 'விடுதிகளில்' என்றும் பிரித்தே அறிவிக்கப்பட்டது. நோய்த்தடுப்பு நோக்கில் இப்பகுப்புக்குப் பொருள் உண்டு. பரவும் வழி வேறாகையால் தடுக்கும் வழியும் வேறு. ஆயினும், சமூகத்தில் தொற்று குறைந்துவிட்டது என்னும் செய்தியை மாலைதோறும் கேட்டுப் பழகிய செவிக்கு, விடுதி சமூகத்துக்குப் புறம்பானது என்னும் பொருளும் சேர்ந்தே பதிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதற்கு இணையான நிலை உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 15 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள குடியிருப்பாளருள் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் என்கிறது. வேலை அனுமதிச் சீட்டுடன் வாழும் கிறிஸ்தவர் அவ்வெண்ணிக்கையுள் இல்லை. கணக்கில் வராதவர் கருத்திலும் வராது போவது எளிது.

வாயிலில் நின்ற உதவி

பெருந்தொற்றுக்கு முன்னரே சில சபைகளுக்கு ஊழியருடன் உறவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுள் பலருக்கு வாரத்தின் ஒரே விடுமுறை. அன்று அவர்கள் தேக்காவில் கூடுவர். 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், டோர்செட் சாலைக் கிறிஸ்து ஆலயம் ஆகிய பழைய தமிழ்ச் சபைகள் தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் குடிபெயர்ந்தோர்க்கான தனி ஆணையம் இருந்தது. கிறிஸ்தவ மருத்துவர்களும் நண்பர்களும் 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் என்னும் அமைப்பு, கேலாங் வட்டாரத்தில் ஊழியர்க்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் அளித்துவந்தது. சபைகள் பல இணைந்த அலையன்ஸ் ஆஃப் கெஸ்ட் வொர்க்கர்ஸ் அவுட்ரீச் என்னும் கூட்டமைப்பும் களத்தில் இருந்தது. புதிதாய் எதனையும் தொடங்க இயலாத ஏப்ரல் மாதத்தில், ஏற்கெனவே ஊழியரின் தொலைபேசி எண்களை அறிந்திருந்தவர்களே பயன்பட்டனர். பெருந்தொற்றுக்காலப் பணியின் அடித்தளம் அதற்கு முந்தைய ஞாயிறுகளில் இடப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பெருவிடுதிகளில் உணவு, மருத்துவம், இணைய இணைப்பு ஆகியவற்றுக்கு அரசின் சிறப்புக் குழுக்கள் பொறுப்பேற்றன. சிதறிக்கிடந்த தொழிற்சாலை விடுதிகளில் முதலாளிகளையே நம்பியிருந்த ஊழியரின் தேவை வேறுவகைப்பட்டது. கிறிஸ்தவக் கூட்டமைப்பின் கவனம் அங்கே சென்றது. சமைத்த உணவு, முகக்கவசம், கைத்தூய்மி, கைப்பேசிக்கான முன்பணம் ஆகியவை தன்னார்வலர் வழியே விடுதி வாயிலை அடைந்தன. தன்னார்வலர் உள்ளே செல்ல அனுமதி இல்லை. பொதியை வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் தொட்டுப் பராமரித்தல் இங்கே தொடாமல் பராமரித்தலாயிற்று.

உணவைப் பற்றி இங்கே ஒரு சொல். தொடக்க வாரங்களில் விடுதிகளுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்ட பொட்டல உணவு பலருக்கு ஒவ்வவில்லை. இலட்சக்கணக்கானோர்க்குச் சில நாள்களில் உணவு ஏற்பாடு செய்யும்போது இது நேரக்கூடியதே. ஆயினும், தமிழ்நாட்டுச் சோற்றுக்கும் வங்காளச் சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து சமைத்து அனுப்புவது, பெறுபவர் எந்த ஊரார், எதை உண்டு வளர்ந்தவர் என்று ஒருவர் எண்ணிப் பார்த்ததற்கு அடையாளம். கைப்பேசி முன்பணமும் அத்தகையதே. அறைக்குள் அடைபட்டவருக்கு ஊரிலுள்ள தாயின் குரலே மருந்து.

உடல்நோயைவிட மனநோவு நீடித்தது. வேலை நிலைக்குமா, முகவருக்குக் கொடுத்த கடன் தீருமா, ஊரில் தந்தை இறந்தால் செல்ல இயலுமா என்னும் கவலைகள் ஊழியரை வாட்டின. ஹெல்த்சர்வ் தன் மனநல ஆலோசனையைத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாற்றியது. இதில் தாய்மொழியின் இடம் பெரிது. காய்ச்சலை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். அச்சத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல இயலும். தமிழ்ச் சபையார் தரக்கூடிய முதன்மையான உதவி தமிழில் கேட்கும் செவியாகவே இருந்தது.

உதவியும் நற்செய்தியும்

கிறிஸ்தவ உதவிப்பணியைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் எழும் வினாவொன்றைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. உதவியின் உள்நோக்கம் மதமாற்றமா என்பதே அது. தமிழ்நாட்டில் இவ்வினா பழையது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தனர். அக்காலத்தில் அங்குப் பணியாற்றியவர்களுள் ராபர்ட் கால்டுவெல்லும் ஒருவர். பசியால் வந்தவரின் நம்பிக்கை எத்தகையது என்னும் ஐயம் வெளியாரிடம் மட்டுமன்றி மிஷனெரிகளிடமும் இருந்தது. 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்னும் ஏளனம் எளியோரையே புண்படுத்தியது; தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லாதவரிடம் தேர்வை வைத்தவர்களை அது தீண்டவில்லை.

2020இல் விடுதியில் அடைபட்டிருந்தவருள் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும் ஆவர். வெளியேற இயலாதவரிடம் உணவுப்பொதியோடு துண்டுப்பிரசுரம் தருவது, கேட்க மறுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிப்பதாகும். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1992 முதல் நடப்பிலுள்ள நாட்டில் இது சட்டம் சார்ந்த எச்சரிக்கை மட்டுமன்று. கிறிஸ்தவத்துக்கு உள்ளேயே இதற்குரிய அளவுகோல் உண்டு. காயமுற்றுக் கிடந்தவனைத் தூக்கிச்சென்ற சமாரியன், அவனுடைய குலத்தையும் கொள்கையையும் வினவவில்லை. சத்திரக்காரனுக்குப் பணம் தந்துவிட்டுத் தன் வழியே போனான் என்பது இயேசுவின் உவமை. எதையும் எதிர்பாராத உதவியே அச்சமயம் தன்னைப் பற்றிச் சொல்லும் சிறந்த சான்று எனலாம். கிறிஸ்தவ ஊழியர்க்குத் தமிழில் வழிபாடு கொண்டுசேர்ப்பது வேறு. அது அவர்கள் கேட்டுப் பெறும் உரிமை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த சபைகளே வாயிலில் நம்பிக்கைக்கு உரியனவாயின.

ஈகையும் நீதியும்

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. பொதி சுமந்து சென்ற கைகள், விடுதியின் நெருக்கத்தை முன்னரே அறிந்திருந்தனவா? 2008இல், சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பில் பயன்படுத்தப்படாதிருந்த பள்ளிக் கட்டடமொன்றை ஊழியர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது, குடியிருப்பாளர் பலர் கையொப்பமிட்டு அதனை எதிர்த்தனர். விடுதி அமைந்தபோது அதற்குத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. கையொப்பமிட்டோர் எச்சமயத்தார் என்பது இங்குப் பொருட்டன்று. தம் அடுக்குமாடியைக் கட்டியவரை அண்டை வீட்டாராக ஏற்க மனமில்லாத பொதுமனநிலையில் எல்லாச் சமயத்தாருக்கும் பங்குண்டு. சபைகளின் இருக்கைகளில் முதலாளிகளும் பொறியாளரும் வீட்டு உரிமையாளரும் அமர்ந்திருக்கின்றனர். ஊழியம் என்பதன் திருவிதாங்கூர்ப் பொருளை எதிர்த்த மரபுக்குத் தாமும் உரியவர் என்று சொல்லிக்கொள்வோர், உணவுப்பொதியோடு நிற்க இயலாது. கட்டில்களின் இடைவெளியைப் பற்றியும் பேசவேண்டும்.

மாற்றம் ஓரளவு வந்துள்ளது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநிலை அறிவிக்கப்பட்டது. ஓர் அறையில் 12 பேருக்கு மேல் தங்கலாகாது என்பதும் அறையோடு இணைந்த குளியலறை வேண்டும் என்பதும் அதிலுள்ளவை. இம்மாற்றத்துக்கு வழிகோலியவை ஈகையைவிடக் கிருமியும் கணக்கும்தாம் என்பதைச் சபைகளும் மற்ற நல்லோரும் அடக்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

2020 ஜூன் 26 முதல் சிங்கப்பூரில் 50 பேர் வரை கூடி வழிபட அனுமதி கிடைத்தது. முகக்கவசம் கட்டாயம், பாடலுக்கு இடமில்லை. மௌனமாய் நிகழ்ந்த அவ்வாராதனைகளைச் சபைகள் நன்றியோடு நினைவுகூர்கின்றன. டிசம்பர் இறுதியில் அவ்வெண்ணிக்கை 250 ஆயிற்று. ஆயினும் அந்நாள்களில் தமிழ் ஆராதனைக்கு நடந்துவந்த விடுதி ஊழியர் அங்கே இல்லை. அவர்கள் வேலைக்கும் ஊழியர் பொழுதுபோக்கு நிலையங்களுக்கும் மட்டுமே சென்றுவர இயன்றது. 2021 செப்டம்பரில் முன்னோட்டமாக, தடுப்பூசி போட்டுக்கொண்டோருள் வாரத்துக்கு 500 பேர் வரை தேக்கா முதலிய இடங்களுக்குச் சில மணிநேரம் சென்றுவர அனுமதிக்கப்பட்டனர். 2022இல்தான் இக்கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன.

சபை மீண்டும் கூடியது என்று எந்த நாளைச் சுட்டிச் சொல்வது? கதவு திறந்த ஜூன் 26 என்று சொன்னால், திறந்த கதவுக்கு வர இயலாதவரை மறந்தவராவோம். பழைய மரபு கற்பித்த இரு கடமைகளுள் விலகியிருத்தலைச் சபைகள் விரைந்து கற்றன, அது பாராட்டுக்குரியது. நெருங்கிச் செல்லுதலை அவற்றுள் சில மட்டுமே, முன்னரே நெருங்கியிருந்ததனால், செய்ய இயன்றது. அடுத்த பெருந்தொற்றுக்கான ஆயத்தம் ஒளிபரப்புக் கருவிகளில் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடைசி வரிசையில் வந்தமரும் இளைஞரின் பெயரையும் ஊரையும் விடுதியையும் அறிந்துவைத்திருப்பதிலும் அது இருக்கிறது. ஊழியரை அறியாத ஊழியம் தமிழில் சொல்லளவிலும் குறையுடையதே.